அக்கா கணக்கு

பந்து எறிந்து கணக்குப்பதிவியல் சொல்லிக்கொடுக்கலாம் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். அந்தக் கல்லூரியிலும் சிரித்தார்கள். வணிகவியல் துறை ஆசிரியர்கள், அப்படிச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் இல்லாத நேரம் பார்த்து, "இன்னைக்கு எத்தனை கோல் போட்டாராம்?" என்று கேட்டுக்கொள்வார்கள். அப்படித்தான் அவருக்குப் பந்து சார் என்று பெயர் வந்தது. அது அவர் காதிலும் விழுந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கணக்கு வாத்தியாருக்கெல்லாம் யார் மெனக்கெட்டுப் பட்டப்பெயர் வைக்கிறார்கள் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

பெறுபவரைப் பற்று வை, தருபவரை வரவு வை என்று புத்தகத்தில் இருப்பதைப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். தேர்வு முடிந்த மறுநாள் எது பற்று எது வரவு என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். பல வருடம் இதைப் பார்த்து அலுத்துப்போய், ஒருநாள் மேசை நாற்காலிகளை எல்லாம் சுவரோரம் தள்ளச் சொன்னார். பிள்ளைகள் கழுத்தில் ஆளுக்கொரு அட்டை. ஒருவன் ரொக்கம், ஒருத்தி வாடகை, ஒருவன் சரக்கு. ரொக்கம் வாடகைக்குப் பந்தை எறிந்தால், எறிந்தவன் 'வரவு' என்று கத்த வேண்டும், பிடித்தவள் 'பற்று' என்று கத்த வேண்டும். பந்து தரையில் விழுந்தால் பதிவு தப்பு. பக்கத்து வகுப்பில் பாடம் நடத்தவே முடியவில்லை என்று புகார் போனது. ஆனால் அந்த வருடம் கணக்கில் தோற்றவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அட்டைப் பெயர்கள் அப்படியே ஒட்டிக்கொண்டன. "தேய்மானம் இன்னைக்கு லீவு சார்" என்பார்கள். ஒரு பையனின் அம்மா கல்லூரிக்கே வந்துவிட்டாள். "எம்புள்ளையை எல்லாரும் வராக்கடன் வராக்கடன்னு கூப்பிடறாங்களாமே, நாங்க யார்கிட்டயும் கடனே வாங்கினதில்ல சார்" என்று அழுகிற நிலையில் நின்றாள். அவளுக்கு டீ வாங்கிக்கொடுத்து விளக்கம் சொல்லி அனுப்பிவைத்தார்.

எல்லாவற்றையும்விடப் பிள்ளைகளுக்குப் பிடித்தது மாதக் கடைசி வகுப்பு. அன்றைக்குச் செலவுக் கணக்குகள் ஒவ்வொன்றாக நடுவில் வந்து நிற்க வேண்டும். மற்றவர்கள் ஒரே குரலில், "நீ எதுக்கு இருக்கே?" என்று கேட்பார்கள். வாடகை, 'நான் இல்லேன்னா கடையை நடுத்தெருவுலதான் வைக்கணும்' என்று சொல்லித் தப்பிக்கும். விளம்பரம் கொஞ்சம் திணறும். சொல்லும் காரணம் வகுப்புக்குப் பிடிக்காவிட்டால் அந்தக் கணக்கு வாசலுக்கு வெளியே போய் நிற்க வேண்டியதுதான். பந்து சார் மட்டும், போகிற கணக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தால், தன் கையிலிருக்கும் பந்தை அதனிடம் எறியலாம். பிடித்துவிட்டால் அது உள்ளே தங்கும்.

இந்த முறையைப் பார்க்கப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குழு வருவதாகக் கடிதம் வந்தபோது பந்து சாருக்குத் தலைகால் புரியவில்லை. நன்றாக இருந்தால் எல்லாக் கல்லூரிகளுக்கும் கொண்டுபோவார்களாம். இத்தனை வருடம் சிரித்தவர்கள் முன்னால் நடக்கப்போகிறது. புத்தகத்தில் வரும் பொய்க் கம்பெனியை வைத்து விளையாடிக் காட்ட அவருக்கு மனம் வரவில்லை. உயிருள்ள ஒரு தொழில் வேண்டும். அது அவர் வீட்டுக்குக் கீழேயே இருந்தது.

கீழே லாண்டரி, மேலே வீடு. லாண்டரி அவர் மனைவியுடையது. இரண்டு துவைக்கும் இயந்திரம், ஒரு நீராவி இஸ்திரி, ஒரு சாதா இஸ்திரி, கூரையிலிருந்து தொங்கும் கம்பியில் பிளாஸ்டிக் உறை போட்ட துணிகள். காலையிலிருந்து சோப்பும் சூடான துணியும் கலந்த வாசனை மாடிப்படி ஏறி வரும். மழைக்காலத்தில் துணி காயாமல், சாப்பாட்டு மேசைக்கு மேலேகூட யாரோ ஒருவருடைய கால்சட்டை தொங்கும். நீராவி இஸ்திரி மனைவி கையில். சாதா இஸ்திரி அக்கா கையில்.

அக்கா பந்து சாரின் உடன்பிறந்தவள். கணவர் போன பிறகு, பிள்ளை குட்டி இல்லாததால், தம்பி வீட்டோடு வந்துவிட்டாள். வந்த அன்றைக்கே, "உக்காந்து தின்னுக்கிட்டு இருக்க எனக்கு வராது. கீழே ஏதாவது வேலை குடு" என்று தம்பி மனைவியிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். மனைவி வாரக் கடைசியில் அவளுக்குக் கூலி கொடுத்துவிடுவாள். "என்ன நீ, எனக்கே கூலி குடுக்கறே" என்று முனகிக்கொண்டே அக்கா வாங்கி முடிந்துகொள்வாள்.

தோள் வலியால் அக்காவுக்கு இஸ்திரி வேகமாக ஓடாது. ஆனால் காப்பிக் கறை, மைக் கறை, கிரீஸ் எது வந்தாலும் அவளிடம்தான் போகும். பட்டன் போயிருந்தால் கேட்காமலே தைத்துவிடுவாள். அதைவிட அவள் அதிகம் செய்தது பேச்சு. துணி கொடுக்க வந்த ஆள் அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போவார். "உங்க பையனுக்கு வேலை கிடைச்சுதா?", "மருமக ஊர்லேர்ந்து வந்துட்டாளா?" என்று ஒவ்வொருவரிடமும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். மனைவி, "அண்ணி, இஸ்திரி ஆறிப்போகுது" என்று இரண்டு முறை சொன்னால் ஒரு முறை காதில் விழும்.

சாப்பிடும்போது பந்து சார் விஷயத்தைச் சொன்னார்.

"என் கடையை வச்சா?" என்றாள் மனைவி. "வேண்டாங்க. உங்க பசங்க வந்து அதை எதுக்கு வச்சிருக்கே, இதை எதுக்கு வச்சிருக்கேன்னு நோண்டுவாங்க. எனக்குப் பதில் சொல்ல நேரமில்ல."

"நோண்டட்டுமே. நல்லதுதானே. எங்க காசு ஒழுகுதுன்னு தெரிஞ்சுக்கலாம்."

"ஒழுகறது எனக்குத் தெரியும். ரெண்டாவது மெஷின்ல தண்ணிதான் ஒழுகுது. அதுக்கு ஆள் கூட்டிட்டு வாங்கன்னு ஒரு மாசமாச் சொல்றேன்."

அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "வரட்டும் விடு. சின்னப் பசங்க நாலு பேர் வந்து நின்னா கடை கலகலன்னு இருக்கும். ஏன்டா, எனக்கும் ஒரு அட்டை உண்டா?"

"உண்டுக்கா. கூலிக் கணக்கு."

"கூலின்னு போடாதடா, யாரோ மாதிரி இருக்கு. அக்கான்னு போடு. யாரு என்னை மாட்டிக்கிட்டு நிக்கப்போறான்னு நானே வந்து பார்க்கறேன்."

அப்படியே அட்டையில் 'அக்கா' என்று எழுதினார்கள்.

பிள்ளைகள் இரண்டு வாரம் லாண்டரிக்கு வந்தார்கள். யார் எவ்வளவு நேரம் என்ன வேலை செய்கிறார்கள் என்று குறித்துக்கொள்வது அவர்களுக்குக் கொடுத்த பயிற்சி. அக்கா அவர்களைப் பட்டினியாக விடவில்லை. டீ போட்டாள், பன் வாங்கிவரச் சொன்னாள், ஒவ்வொருவர் குடும்பக் கதையையும் கேட்டாள். காதல் விவகாரம் ஒன்றைக்கூடத் தீர்த்துவைத்தாள் என்று பேச்சு. அக்கா அட்டையை மாட்டப்போகிற பெண்ணைப் பிள்ளைகள் வாயாடி என்று கூப்பிடுவார்கள். அவள் அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து, அக்கா துணியைத் தட்டும் விதம், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றும் விதம் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள்.

பிள்ளைகள் குறித்ததைப் பந்து சார் முன்கூட்டியே பார்த்தார். அக்காவுக்கு நேரே 'வேலை செய்யாமல் பேசிக்கொண்டிருந்த நேரம்' என்று ஒரு பெரிய எண் இருந்தது. அதில் பாதி அந்தப் பிள்ளைகளோடு பேசிய நேரம்தான். அது அவருக்கு அப்போதே தெரிந்தது. சுவாரசியமாக இருக்கிறது, வகுப்பில் நல்ல விவாதம் வரும் என்று விட்டுவிட்டார். பின்னாளில் அவரைத் தூங்கவிடாமல் செய்தது இதுதான். தெரியாமல் நடந்திருந்தால் மனசு ஆறியிருக்கும்.

குழு வந்த அன்றைக்கு அக்கா நல்ல சேலையை எடுத்துத் தானே இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு வந்தாள். மனைவி கடையை விட்டு வர முடியாது என்று சொல்லிவிட்டாள். குழுவினர் மூன்று பேரும் சுவரோரம் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்து நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்தபடி அக்கா. யாரோ பழைய மாணவரின் அம்மா என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். வகுப்பை ஒருவர் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

பந்து பறந்தது. ஒருமுறைகூடத் தரையில் விழவில்லை. சோப்பு வந்து நின்று காரணம் சொன்னது. மின்சாரம் சொன்னது. ஒழுகும் இயந்திரத்தைப் பழுதுபார்க்கும் செலவு, 'என்னைக் கூப்பிடாமலே ஒரு மாசமா காக்க வச்சிருக்காங்க' என்றதும் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு வாயாடி நடுவுக்கு வந்து, இல்லாத கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "என்னப்பா, உங்க பையனுக்கு வேலை கிடைச்சுதா?" என்று தொடங்கினாள். அச்சு அசல் அக்கா. அக்காவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நீ எதுக்கு இருக்கே?" என்று வகுப்பு கேட்டது.

"நான் பட்டன் தைப்பேன். கறை எடுப்பேன். வர்றவங்களோட பேசுவேன்."

"பட்டன் தைக்கக் காசு வாங்கறியா?" என்று ரொக்கம் கேட்டான். கெட்டிக்காரப் பையன், கையில் கணக்கு வைத்திருந்தான்.

"இல்ல."

"பேசறதுக்கு?"

"அதுக்கு யாராவது காசு வாங்குவாங்களா?"

"அப்ப இஸ்திரி மட்டும்தான். அதுலயும் பாதி நேரம் பேச்சு. இன்னொரு நீராவி இஸ்திரி வாங்கினா ஒரு வருஷக் கூலில விலை தீர்ந்துடும். அது பேசாது."

வகுப்பு மேசையைத் தட்டியது. வாயாடி ஏதோ சொல்லப் பார்த்தாள், சொல்லக் காரணம் கிடைக்கவில்லை. பந்து சாரைத் திரும்பிப் பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள். பந்து அவர் கையில்தான் இருந்தது. குழுவில் ஒரு அம்மாள் மூக்கு காகிதத்தில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். ரொக்கம் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. இத்தனை அழகாக ஒரு மாணவன் வாதம் வைத்த பிறகு வாத்தியார் குறுக்கே விழுந்து காப்பாற்றினால், வீட்டு ஆள் என்பதால் காப்பாற்றினார் என்றாகும். முறையே கெட்டுப்போகும். அந்த ஒரு நிமிடத்தில் அவருக்குத் தோன்றியது இவ்வளவுதான். பந்து கையிலேயே இருந்தது.

வாயாடி வாசலைத் தாண்டி வெளியே போய் நின்றாள். அப்போது நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அக்கா எழுந்து, சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, யாரையும் பார்க்காமல் வகுப்பைக் கடந்து போய், வெளியே அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

குழுவினர் கைதட்டினார்கள். முன்கூட்டியே சொல்லிவைத்த நாடகம் என்று நினைத்துவிட்டார்கள். பிள்ளைகளும் தட்டினார்கள். பந்து சார் சிரித்த முகத்தோடு நின்றார். அந்தப் படத்தில் இன்றைக்கும் அப்படித்தான் நிற்கிறார்.

வீட்டுக்கு வந்து அக்கா சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எப்போதும்போல இஸ்திரி போட்டாள். ஆனால் யாரிடமும் பேசவில்லை. துணி கொடுக்க வந்தவர்கள், "அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள். வாரக் கடைசியில் மனைவி கொடுத்த கூலியை வாங்கிக்கொள்ளவில்லை. அடுத்த வாரம், ஒரு மாணவியர் விடுதியின் சலவைக் கூடத்தில் வேலை கிடைத்திருப்பதாகவும் தங்க அறை தருவதாகவும் சொன்னாள்.

"அண்ணி, யாரோ பசங்க விளையாட்டுக்குச் சொன்னதுக்கு வீட்டை விட்டுப் போவீங்களா?" என்று மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பசங்க மேல எனக்கென்ன கோபம். தங்கமான பசங்க. இவன் நின்னான் பாரு, அதைத்தான் பார்த்தேன்." பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு இறங்கினாள். பந்து சார் பின்னாலேயே போய் ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். போகாதே என்று சொல்ல நாக்கு எழவில்லை. இரண்டு நாளில் கோபம் தணிந்து திரும்பிவிடுவாள் என்று நம்பினார்.

மனைவி அன்றைக்கு அவரிடம் சொன்னது: "அண்ணிக்கு நான் கூலி குடுத்தது அவங்க வேலைக்கு இல்லைங்க. அவங்க இங்க தலை நிமிர்ந்து இருக்கணும்னு குடுத்தேன். அதைப் போய்ச் சபையில வச்சு அளந்திருக்கீங்க."

முறை பெரிய வெற்றி. குழு புகழ்ந்து எழுதியது. கல்லூரிகளுக்கு அனுப்பிய வழிகாட்டியில் அக்கா கணக்கு ஒரு மாதிரிப் பயிற்சியாகவே அச்சாகி வந்தது. முன்பு கோல் கேட்டவர்கள் வந்து கை குலுக்கினார்கள். பந்து சார் தன் வகுப்பில் வாசலுக்கு அனுப்பும் விதியை எடுத்துவிட்டார். ஆனால் அவர் எடுத்தது அவருடைய வகுப்பில் மட்டும்தானே. மற்ற ஊர்களில் எத்தனை அக்காக்கள் வாசலில் நின்றார்களோ.

அக்கா போன பிறகு லாண்டரியில் துணி குறைந்தது. முதலில் மழை என்று நினைத்தார்கள். மழை விட்டும் கம்பியில் இடம் காலியாகவே இருந்தது. அவசரத்துக்கு வருகிறவர்கள் வந்தார்கள், நின்று பேசுகிறவர்கள் வரவில்லை. மனைவி இரண்டு இஸ்திரியையும் மாற்றி மாற்றிப் பிடித்தாள். பந்து சாருக்கு இதைப் பார்த்ததும் ஒரு யோசனை உதித்தது. நல்ல வாத்தியாருக்கு வரும் யோசனைதான். அடுத்த பருவத்துப் பயிற்சியாக அதையே கொடுத்தார். அக்கா இருந்தபோது எத்தனை வாடிக்கை, போன பிறகு எத்தனை, ஏன்? பிள்ளைகள் பழைய வாடிக்கையாளர்களை வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். ரொக்கம்தான் முன்னால் நின்று செய்தான். அவனுக்கும் மனசு உறுத்தியிருக்க வேண்டும். முடிவு தெள்ளத் தெளிவாக வந்தது. அக்காவின் பேச்சுக்காகத்தான் கால்வாசிப் பேர் வந்துகொண்டிருந்தார்கள். அவள் கூலியைப் போல இரண்டு பங்கு அவளால் வரவு. வகுப்பே கைதட்டியது. வாயாடி அழுதுவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பந்து சார் அதையெல்லாம் ஒரு பெரிய தாளில் படமாக வரைந்து சுருட்டிக்கொண்டு விடுதிக்குப் போனார். இத்தனை மாதத்தில் முதல் முறையாக அவருக்கு நடை துள்ளியது.

சலவைக் கூடம் விடுதிக்குப் பின்னால் இருந்தது. ஆள் உயர இயந்திரங்கள் சுழன்றுகொண்டிருந்தன. மேசை நிறைய வெள்ளைப் போர்வைகள். வாசலில் அவர் நிழலைப் பார்த்ததும் அக்கா முகம் மலர்ந்தது. ஒரு கணம் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, கதவோரம் இருந்த ஆணியில் தொங்கிய கைப்பையைப் பார்த்தாள்.

"வாடா. சாப்பிட்டியா? அந்தப் பக்கத்து முனையைப் பிடி. தனியா மடிக்க முடியல, கூட்டாளி லீவு."

இருவரும் போர்வையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து உதறி, நெருங்கி வந்து முனையோடு முனை சேர்த்து, மறுபடி விலகினார்கள்.

"தோள்பட்டை எப்படி இருக்குக்கா?"

"இங்க இஸ்திரி கிடையாது. மடிப்பு மட்டும்தான். அவ எப்படி இருக்கா? மெஷினுக்கு ஆள் கூட்டிட்டு வந்தியா?"

"வந்தேன்." அவர் சிரித்தார். "அந்த வாயாடிப் பொண்ணு உன்னைக் கேட்டா."

"நல்ல பொண்ணு. வாசல்ல நிக்கறப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டா. மார்க்கு போட்டியா?"

"முழு மார்க்."

"அப்ப சரி."

இன்னும் இரண்டு போர்வை மடித்தார்கள். பிறகு அவர் தாளைப் பிரித்து, மடித்த போர்வைகள் மேல் விரித்தார். எந்தக் கோடு எதற்கு என்று விளக்கினார். வகுப்பு நடத்தும் குரல் தானாக வந்துவிட்டது. கடைசியில், "நீ இருந்தாத்தான் கடைக்கு லாபம்க்கா. பசங்க நிரூபிச்சுட்டாங்க. அவங்க சொன்னது தப்புன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க. அதனால நீ வந்துடு" என்றார்.

அக்கா கண்ணாடியை இறக்கித் தாளை நன்றாகப் பார்த்தாள். கோடுகளின் மேல் விரலை ஓட்டினாள்.

"அப்ப நான் லாபம்."

"ஆமாக்கா."

"நாளைக்கு வாடிக்கை குறைஞ்சா?"

"ஏன் குறையப்போகுது?"

"எனக்கு வயசாகுதுடா. கறை எடுக்கக் கண்ணு தெரியாது. பேசப் பேச மறந்துபோகும், யாரு பையன் யாரு மருமகன்னு. அப்ப மறுபடி நடுவுல வந்து நிக்கணுமா?"

"அப்படி இல்லக்கா. நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"நீ சொன்னது எனக்கு விளங்குது. நீ நல்லா விளக்குவே." அவள் தாளைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தாள். "வாசல்ல உன்னைப் பார்த்ததும், கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கான்னு நினைச்சேன். 'வாக்கா வீட்டுக்கு'ன்னு ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தா, இதெல்லாத்தையும் அப்படியே போட்டுட்டுப் பையை எடுத்துக்கிட்டு வந்திருப்பேன். நீ காரணத்தோட வந்திருக்கே."

இயந்திரம் ஒன்று சுற்றி முடித்து நின்றது.

"வாக்கா வீட்டுக்கு" என்றார்.

அக்கா சிரித்தாள். கோபமே இல்லாத சிரிப்பு. "இப்பச் சொன்னா, நான் சொல்லிக்கொடுத்து நீ ஒப்பிக்கற மாதிரி இருக்குடா. விடு. இந்த முனையைப் பிடி."

வீட்டுக்குத் திரும்பியபோது மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். ஆட்டோவில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, "என்ன சொல்லிக் கூப்பிட்டீங்க?" என்றாள். அவர் சுருட்டிய தாளைக் காட்டினார். அவள் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "இதுக்கு நீங்க போகாமலே இருந்திருக்கலாம்" என்று உள்ளே போனாள்.

அதன் பிறகு அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் விடுதிக்குப் போகிறார். கையில் எதுவும் கொண்டுபோவதில்லை. கடை பற்றி வாயே திறப்பதில்லை. போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, நினைவு வரும்போதெல்லாம், வாக்கா வீட்டுக்கு என்று சொல்லிப் பார்க்கிறார். அக்கா மனம் விட்டுப் பேசுகிறாள், கடைக் கதை கேட்கிறாள், மனைவிக்கு ஏதாவது கொடுத்துவிடுகிறாள். வருகிறேன் என்று மட்டும் சொல்வதில்லை.

போன வாரமும் அவர் உள்ளே நுழைந்ததும் அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னைக்கு என்ன காரணம்டா?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மாதான்."

"சும்மாவா? நீயா?" என்று கேட்டுவிட்டு, அவருக்கு டீ ஊற்றப் போனாள்.